ஒரு வீதத்தில் இவ்வளவு வித்தியாசமா? – வாசகர் கேள்வி பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் குரங்கு பற்றியவை. ஆச்சரியம் இல்லை. கூரைத் தகரத்தில் ஓட்டம், மரக்கறித் தோட்டத்தில் நாசம், போதாததற்கு 2025 பெப்ரவரியில் பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு புகுந்ததால்தான் நாடு முழுக்கக் கரண்ட் போனது என்று அமைச்சரே சொன்னதிலிருந்து அதற்கு அரசியல் மதிப்பும் கூடிவிட்டது. பயிர்ச் சேதம், நட்டஈடு பற்றிக் கேட்டவற்றை விவசாயப் பகுதிக்கு அனுப்பிவிட்டேன். கூர்ப்பு, அதாவது பரிணாமம், பற்றிக் கேட்டவர்களுக்கு மட்டும் இங்கே பதில்.

ஏ.எல். உயிரியல் மாணவி, ஹற்றன்: மனிதனுக்கும் சிம்பன்சிக்கும் டி.என்.ஏ. 99 வீதம் ஒன்றேதான் என்கிறார்கள். மிச்சம் ஒரு வீதத்திலா பேச்சு, எழுத்து, ரயில், ரேடியோ எல்லாம் வந்தது? நம்ப முடியவில்லை சேர்.

நம்பாமல் இருப்பது நல்ல குணம் தங்கச்சி. முதலில் அந்தக் கணக்கையே பிரித்துப் பார்ப்போம். 2005ல் சிம்பன்சியின் டி.என்.ஏ. வரிசை வெளிவந்தபோது, நம்முடையதோடு பக்கத்தில் வைத்துப் பொருத்தக்கூடிய பகுதிகளில் எழுத்துக்கு எழுத்து (டி.என்.ஏ.யின் மிகச் சிறிய அலகைத்தான் எழுத்து என்கிறேன்) வித்தியாசம் 1.23 வீதம் என்று வந்தது. கேட்கச் சின்னதாக இருக்கும். ஆனால் மொத்தம் ஏறக்குறைய 300 கோடி எழுத்து, அதனால் அந்தச் சின்ன வீதமே மூன்றரைக் கோடி இடங்கள். ஒருவரிடம் இருந்து மற்றவரிடம் இல்லாத துண்டுகளையும் கணக்கில் எடுத்தால் வித்தியாசம் 4 வீதத்துக்குக் கிட்ட வரும். ஆக "ஒரு வீதம்" என்பதைக் கேட்டு "அவ்வளவுதானா" என்று நினைப்பதற்கு இடமில்லை.

சரி, அந்த மூன்றரைக் கோடியில் பெரும்பகுதி உடம்பில் எதையும் மாற்றாமல் சும்மா கிடப்பவை. வேலை செய்கிறவை எவை என்பதுதான் கேள்வி. இதற்கு முதல் நல்ல பதில் 1975ல் வந்தது, அதுவும் டி.என்.ஏ.யை எழுத்தெழுத்தாக வாசிக்கும் வசதி வருவதற்கு முன்பே. கலிபோர்னியாவின் பெர்க்லியில் மேரி-கிளேர் கிங், ஆலன் வில்சன் என்ற இருவரும் மனிதப் புரதங்களையும் சிம்பன்சிப் புரதங்களையும் ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தார்கள். கிட்டத்தட்ட 99 வீதம் ஒன்று. பார்க்கப்போனால், தோற்றத்தில் பிரித்தறியவே கஷ்டமான தவளை இனங்களுக்கு இடையில்கூட இதைவிடக் கூடிய வித்தியாசம் இருந்தது. அப்போது அவர்கள் சொன்ன விஷயம் இதுதான்: புரதம் இவ்வளவு ஒன்றாக இருந்தும் உடம்பும் நடத்தையும் இவ்வளவு வேறாக இருக்கிறது என்றால், மாற்றம் முக்கியமாக நடந்தது புரதத்தில் இல்லை, அந்தப் புரதம் எந்த இழையத்தில், எந்த வயதில், எவ்வளவு செய்யப்படுகிறது என்பதில்தான்.

தோட்டத்தில் பிறந்தவர்களுக்கு இதைச் சொல்லிப் புரியவைப்பது லேசு. இரண்டு தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள், செக்ரோலில், அதாவது ஆட்களின் பெயர்ப் பதிவேட்டில், ஏறக்குறைய ஒரே மாதிரி ஆட்கள், ஒரே கத்தி, ஒரே கூடை. ஒன்றில் காலைப் பிரட்டில் (ஆட்களை வேலைக்குப் பிரித்துவிடுகிற இடத்தில்) கங்காணி பத்துப் பேரைக் கவ்வாத்துக்கு, அதாவது செடி வெட்ட, அனுப்புகிறார், மற்றதில் நாற்பது பேரை, அதுவும் இரண்டு மாதம் பிந்தி. வருஷக் கடைசியில் இரண்டு மலையும் ஒரே மாதிரியா நிற்கும்? பரம்பரையலகுகள், அதாவது எந்தப் புரதம் செய்வது என்று சொல்கிற டி.என்.ஏ. துண்டுகள், செக்ரோலில் உள்ள பெயர்கள். கூர்ப்பு அதிகமாகக் கைவைத்தது பிரட்டில்.

இந்தப் பிரட்டு எழுதப்பட்டிருப்பதும் டி.என்.ஏ.யில்தான், அதை மறக்க வேண்டாம். நம்மிடம் இருக்கிற சுமார் 20,000 புரதம் செய்யும் பரம்பரையலகுகள் மொத்த டி.என்.ஏ.யில் ஒன்றிரண்டு வீத இடத்தைத்தான் பிடிக்கின்றன. மிச்சத்தில் நிறையக் குப்பையும் உண்டு, நடுநடுவே லட்சக்கணக்கான சுவிட்சுகளும் உண்டு. ஒரு சுவிட்ச் என்பது சில நூறு எழுத்து நீளமான துண்டு. அதில் குறிப்பிட்ட சில புரதங்கள் வந்து ஒட்டினால், சில சமயம் லட்சம் எழுத்துக்கு அப்பால் இருக்கிற பரம்பரையலகுகூட வேலையைத் தொடங்கும். இப்படி ஒரு கட்டுப்பாடு இருக்கிறது என்று பக்றீரியாவை வைத்து 1961ல் காட்டிய பிரான்சுவா ஜேகப், ஜாக் மொனோ இருவருக்கும் 1965ல் நோபல் பரிசு கிடைத்தது. உங்கள் ஈரல் கலத்திலும் கண் கலத்திலும் இருப்பது ஒரே டி.என்.ஏ., பிரட்டு மட்டும் வேறு.

பெயர் வேண்டாம் என்றவர், லுணுகலை: அப்போ நாங்கள் குரங்கிலிருந்து வந்தவர்கள் என்றுதானே சொல்கிறீர்கள்?

இல்லை. நமக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான மூதாதை சுமார் 60, 70 லட்சம் வருஷத்துக்கு முன் இருந்தது. உங்கள் கூரையில் ஓடுகிற செங்குரங்குக்கும் நமக்கும் பொதுவான மூதாதை இரண்டரைக் கோடி வருஷத்துக்கும் முந்தியது. அது உங்களுக்குத் தாத்தா இல்லை, மிகத் தூரத்துச் சொந்தம்.

ஒரு தாய், ஹக்கல: என் ஏழு வயது மகன் ஹக்கலப் பூங்காவில் மந்திகளைப் பார்த்துவிட்டு வந்து, நமக்கு ஏன் வால் இல்லை என்று நச்சரிக்கிறான். என்ன சொல்வது?

உனக்கும் வால் இருந்தது மகனே என்று சொல்லுங்கள் அக்கா. வயிற்றில் முளையமாக இருந்தபோது, ஐந்தாறு கிழமை அளவில், எல்லாருக்கும் வால் இருக்கும். எட்டாம் கிழமை அளவில் சுருங்கி உள்ளே போய்விடும். மிச்சம்தான், படியில் வழுக்கி உட்கார்ந்தால் உயிர் போகிற அந்த வால் எலும்பு.

ஏன் போனது என்பதற்கு 2024ல்தான் நல்ல பதில் ஒன்று வெளிவந்தது. போ ஷியா என்ற ஆராய்ச்சி மாணவர் நியூயோர்க்கில் இருந்தபோது, வாகனப் பயணம் ஒன்றில் தன் வால் எலும்பை அடிபடுத்திக்கொண்டு, அந்த வலியில் இந்தக் கேள்வி பிடித்துக்கொண்டதாம். டீ.பி.எக்ஸ்.டீ. என்று ஒரு பரம்பரையலகு. அது பழுதானால் சுண்டெலிக்கு வால் குட்டையாகும் என்பது 1927லேயே தெரிந்த சங்கதி. அவர் மனிதன், சிம்பன்சி, கொரில்லா, ஒராங்குட்டான், கிப்பன் ஆகிய வாலில்லாதவர்களின் வரிசையை வாலுள்ள குரங்குகளின் வரிசையோடு ஒப்பிட்டுப் பார்த்தார். வாலில்லாத எல்லாரிடமும் அந்தப் பரம்பரையலகுக்குள் முன்னூறு எழுத்து நீளமான ஒரு துண்டு செருகப்பட்டிருந்தது. வாலுள்ள குரங்குகளில் அது இல்லை.

அந்தத் துண்டுக்கு அலு என்று பெயர். தன்னைத்தானே பிரதி எடுத்து அங்கங்கே போய் ஒட்டிக்கொள்கிற சாதி, நம் டி.என்.ஏ.யில் பத்து லட்சத்துக்கும் மேல் இருக்கிறது. பெரும்பாலும் தொந்தரவு இல்லை. இந்த ஒன்று மட்டும், பக்கத்தில் ஏற்கெனவே கிடந்த இன்னொரு பழைய அலுவோடு சோடி சேர்ந்து வளையமாக மடிந்துகொள்கிறது. அந்த மடிப்பில் ஒரு பகுதி விடுபட்டு, புரதத்தின் குட்டையான வடிவமும் உண்டாகிறது. கவனியுங்கள், புரதத்துக்கான எழுத்துகளில் ஒன்றுகூட மாறவில்லை, வாசிக்கிற விதம் மாறியது. இதே குட்டை வடிவத்தைச் சுண்டெலிகளில் உண்டாக்கிப் பார்த்தார்கள். எவ்வளவு உண்டாகிறது என்பதைப் பொறுத்துச் சிலவற்றுக்கு வால் குட்டை, சிலவற்றுக்கு வாலே இல்லை. ஆனால் சில குட்டிகளுக்கு முண்ணாணில் குறையும் வந்தது. வாலைவிட்டதற்கு நம் மூதாதையர் சும்மா தப்பவில்லை போலிருக்கிறது. அவ்வளவு விலை கொடுத்தும் இந்த மாற்றம் நிலைத்திருக்கிறது என்றால் வாலில்லாததில் ஏதோ லாபம் இருந்திருக்க வேண்டும். நிமிர்ந்து நிற்க வசதி என்று சிலர் சொல்கிறார்கள், அது இன்னும் ஊகம்தான்.

ஆசிரியர், மஸ்கெலியா: விகாரம், அதாவது டி.என்.ஏ.யில் வருகிற மாற்றம், என்றால் பழுது. பழுதால் எப்படி நல்லது நடக்கும் என்று பிள்ளைகள் கேட்கிறார்கள்.

நியாயமான கேள்வி ஐயா, இதற்கு நம் நாட்டோடு சம்பந்தப்பட்ட உதாரணமே இருக்கிறது. இலங்கையை 1934–35ல் உலுக்கிய மலேரியா 2012க்குப் பிறகு உள்ளூரில் தொற்றவில்லை, 2016ல் உலக சுகாதார நிறுவனம் நாட்டுக்குச் சான்றிதழும் கொடுத்துவிட்டது. இங்கே இருந்த மலேரியாக் கிருமிகளில் ஒன்று விவக்ஸ். அது செங்குழியத்துக்குள் நுழைவதற்கு டஃபி என்ற ஒரு புரதத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். மேற்கு ஆப்பிரிக்காவில் ஏறக்குறைய எல்லாருடைய செங்குழியங்களிலும் டஃபி இல்லை. அதனால் விவக்ஸுக்கு அங்கே வாசல் பெரும்பாலும் பூட்டு.

இதில் பாருங்கள், அவர்களுடைய டஃபி பரம்பரையலகு கெடவில்லை. அதன் முன்னால் இருக்கிற சுவிட்சில் ஒரே ஒரு எழுத்து மாறியிருக்கிறது. அந்த இடத்தில்தான் இரத்தக் கலங்களுக்கே உரிய ஒரு புரதம் வந்து ஒட்ட வேண்டும், இப்போது அதனால் ஒட்ட முடியவில்லை. ஆகவே செங்குழியத்தில் மட்டும் டஃபி இல்லை, மற்ற இழையங்களில் வழக்கம்போல உண்டு. பரம்பரையலகே உடைந்திருந்தால் உடம்பு முழுக்க அது இல்லாமல் போயிருக்கும், அதன் மற்ற வேலைகளும் நின்றிருக்கும்.

கூர்ப்பு ஏன் சுவிட்சுகளை இவ்வளவு விரும்புகிறது என்று கேட்டால் நான் முதலில் சொல்வது இதைத்தான். ஒரு பரம்பரையலகு பத்து இடத்தில் பத்து வேலை பார்க்கும். அதை மாற்றினால் பத்தும் ஆடும், ஒன்றுக்கு நல்லதாக வந்தாலும் ஒன்பதுக்குக் கெடுதல். சுவிட்சோ இடத்துக்கு ஒன்று. ஒன்றில் தவறு நடந்தாலும் சேதம் அந்த இடத்தோடு போச்சு.

ஓய்வுபெற்ற தபால் ஊழியர், பதுளை: பால்மாத் தேத்தண்ணி குடித்தால் வயிறு ஊதுகிறது. பிளேன்டீக்கு ஒன்றும் இல்லை. சின்ன வயதில் எனக்கு இப்படி இல்லை. இதுவும் பரம்பரையா?

பெரும்பாலும் ஆம் ஐயா, ஆனால் குறை உங்களிடம் இல்லை. பாலில் உள்ள லக்டோஸ் என்ற சீனியை உடைக்க லக்டேஸ் என்ற நொதியம் வேண்டும். எல்லா முலையூட்டிக் குட்டிகளிடமும் அது உண்டு, பால் மறக்கிற வயது தாண்டியதும் சிறுகுடல் அதைச் செய்வதைக் குறைத்துக்கொள்ளும். உலகத்தில் பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினர் உங்கள் மாதிரித்தான். கிழவயதிலும் கோப்பை கோப்பையாகப் பால் குடித்துவிட்டு ஒன்றும் ஆகாமல் இருக்கிறவர்கள்தான் விகாரிகள்!

அந்த விகாரம் எங்கே என்று 2002ல் பின்லாந்துக் குடும்பங்களை ஆராய்ந்தவர்கள் கண்டார்கள். லக்டேஸ் பரம்பரையலகில் தேடிக் கிடைக்கவில்லை. அதிலிருந்து 13,910 எழுத்து தள்ளி, பக்கத்து வீட்டுப் பரம்பரையலகின் உள்ளே, ஒரே ஒரு எழுத்து. அந்த எழுத்து மாறினால் சுவிட்ச் பெரிய வயதிலும் அணையாது. மாடு வளர்க்கிற கிழக்கு ஆப்பிரிக்க மக்களிடம் இதே சுவிட்சில் வேறு எழுத்துகள் மாறியிருக்கின்றன, வந்த வழி வேறு, பலன் ஒன்று. எல்லாம் மாடு பழக்கிய பிறகு, அதாவது கடந்த பத்தாயிரம் வருஷத்துக்குள் பரவியவை. இந்திய உபகண்டத்தில் வடமேற்கில் ஐரோப்பியருடைய அதே எழுத்து அதிகம், தெற்கே வரவரக் குறையும்.

தயிர் சாப்பிட்டுப் பாருங்கள், பக்றீரியா லக்டோஸில் ஒரு பங்கைத் தின்றுவிட்டிருப்பதால் பலருக்கு ஒத்துக்கொள்ளும். ஆனால் இந்த வயதில் திடீரென்று தொடங்கியது என்றால், அல்லது நிறை குறைகிறது, இரத்தம் போகிறது என்றால், என் பதிலை ஒதுக்கிவைத்துவிட்டு டொக்டரிடம் போங்கள்.

கங்காணி, அப்புத்தளை: ஒரே வி.பி. மலை, ஒரே செடி. ஆடி ஆவணியில் கச்சான் காற்று அடிக்கும்போது வருகிற வாசம் மார்கழியில் இல்லை. செடியின் பரம்பரை மாறுகிறதா?

மாறவில்லை. வி.பி. செடி எல்லாம் ஒரு தாய்ச் செடியின் துண்டுகள், ஒரே டி.என்.ஏ. வறண்ட காற்றில் செடிக்கு நெருக்கடி வரும்போது சில பரம்பரையலகுகள் கூடுதலாக வேலை செய்து வாசனைப் பொருள்களைக் கூட்டிவிடுகின்றன. ஊவாத் தேயிலையின் பேர்போன வாசத்தில் மெதைல் சலிசிலேற்றுக்கு, அதாவது நோவுத் தைலத்தில் மூக்கைத் துளைக்கிற அதே பொருளுக்கு, நல்ல பங்கு உண்டு. மழை வந்ததும் பழையபடி. இது கூர்ப்பு இல்லை என்பதை மாணவர்கள் குறித்துக்கொள்ளுங்கள், சுவிட்சின் எழுத்து மாறி, அது பிள்ளைக்குப் போனால்தான் கூர்ப்பு. கேள்வி நல்லது கங்காணியாரே.

அதே ஹற்றன் மாணவியின் தோழி: மூன்றரைக் கோடி இடத்தில் முக்கியமானது எது என்று எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

ஒரு தந்திரம் உண்டு. கோடிக்கணக்கான வருஷமாக எந்த விலங்கிலும் மாறாமல் இருந்து, மனிதனில் மட்டும் சடாரென்று மாறிய இடம் எது என்று தேடுவது. கேத்ரின் பொலார்டும் கூட இருந்தவர்களும் 2006ல் இப்படித் தேடியபோது பட்டியலில் முதலில் நின்றது 118 எழுத்துள்ள ஒரு துண்டு. கோழிக்கும் சிம்பன்சிக்கும் இடையில் முப்பது கோடி வருஷ இடைவெளி, இந்தத் துண்டில் வித்தியாசம் வெறும் 2 எழுத்து. சிம்பன்சிக்கும் நமக்கும் இடையில் 18! அது முளையத்தின் மூளைப் புறணி உருவாகும்போது வேலை செய்கிறது. பட்டியலில் பெரும்பாலானவை புரதம் செய்யாத இடங்கள். கிங்கும் வில்சனும் முப்பது வருஷத்துக்கு முன் சொன்ன ஊகம் அங்கே நன்றாகவே நிமிர்ந்து நின்றது.

எதிர்ப்பக்கமாகவும் தேடலாம், எல்லாரிடமும் இருந்து மனிதனிடம் மட்டும் தொலைந்தது எது என்று. 2011ல் அப்படி 510 துண்டுகள் கிடைத்தன. அதில் ஒன்று ஆண் ஓமோனுக்கான வாங்கியின், அதாவது அந்த ஓமோனைப் பிடித்துக்கொள்கிற புரதத்தின், பரம்பரையலகுக்குப் பக்கத்தில் இருந்த சுவிட்ச். அது போனதால்தான் பூனைக்கு இருப்பது போன்ற உணர்மீசை நமக்கு இல்லை என்கிறார்கள், சிம்பன்சி ஆண்குறியில் இருக்கிற சிறு முட்களும் நமக்கு இல்லை. (ஆசிரியர் இந்த வரியை வெட்டாமல் விட்டால் அவருக்கு நன்றி.)

ஒரு சுவிட்ச் உண்மையில் எங்கே வேலை செய்கிறது என்று பார்க்க, அதை நீல நிறம் கொடுக்கிற ஒரு பரம்பரையலகோடு சேர்த்துச் சுண்டெலி முளையத்தில் வைப்பார்கள். 2008ல் ஒரு மனிதத் துண்டை வைத்தபோது கைகால் முளைக்கிற இடத்தில், பெருவிரல் பக்கம், நீலம் வந்தது. சிம்பன்சியின் துண்டுக்கு அப்படிப் பலமாக வரவில்லை. உடனே "பெருவிரலைத் தந்த டி.என்.ஏ." என்று தலைப்புப் போட்டவர்கள் அவசரக்காரர்கள். நீலம் வந்த இடம் தெரிகிறது, அதனால் விரல் மாறியதா என்பது வேறு கேள்வி.

தம்பி ஒருவர், தலவாக்கலை: எல்லாவற்றுக்கும் சுவிட்ச் என்கிறீர்கள். பரம்பரையலகு மாறவே இல்லையா?

மாறியது தம்பி, இதில் விஞ்ஞானிகளே 2007 வாக்கில் சூடாகச் சண்டை பிடித்தார்கள். செங்குரங்கும் நாமும் பச்சை இலைக்குள் சிவந்த பழத்தைக் கண்டுபிடிப்பதற்குக் காரணம் ஒரு கண் நிறப் பரம்பரையலகு இரட்டித்து ஒன்று மாறியது. மனிதனிடம் மட்டும் இருக்கிற ஏ.ஆர்.எச்.கேப். 11பி என்பதும் இப்படி இரட்டித்து வந்ததுதான், அதைப் போட்டால் சுண்டெலி முளையத்தில்கூட மூளை மூலக்கலங்கள் பெருகுகின்றன. ஆனால் பாருங்கள், கண்ணில் அந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தும் ஒரு கலத்தில் ஒன்றுதான் வேலை செய்ய வேண்டும், அதைத் தீர்மானிப்பதும் ஒரு சுவிட்ச். என் கட்சி எது என்று தெரிந்துவிட்டதல்லவா?

ஒரு தகப்பன், பண்டாரவளை: என் மூத்த மகனுக்குத் தலசீமியா. மாதா மாதம் இரத்தம் ஏற்றுகிறோம். டி.என்.ஏ.யை வெட்டிக் குணமாக்குகிறார்கள் என்று செய்தி வந்ததே, உண்மையா?

உண்மைதான் ஐயா. வயிற்றில் இருக்கிற சிசு வேறு வகை ஈமோகுளோபினை (இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கிற புரதம்) பாவிக்கிறது, பிறந்து சில மாதத்தில் அது நின்று பெரியவர்களின் வகை தொடங்குகிறது. தலசீமியாவில் பழுது இந்த இரண்டாவது வகையில். சிசு வகை நல்லாத்தான் இருக்கிறது, ஆனால் அணைந்துவிட்டது. இதுவும் கூர்ப்பின் வேலை: தேவாங்கின் ஆப்பிரிக்கச் சொந்தமான கலாகோவில் இதே பரம்பரையலகு முளையத்தின் ஆரம்பத்தில் மட்டும் வேலை செய்து ஓய்ந்துவிடும், குரங்குகளின் வழியில்தான் அது இரட்டித்து, நேரம் தள்ளிப்போய், சிசு பிறக்கும் வரை நீண்டது.

அதை அணைக்கிற புரதத்துக்கு பி.சி.எல். 11ஏ என்று பெயர். புதிய சிகிச்சையில் நோயாளியின் இரத்தம் செய்கிற கலங்களை வெளியே எடுத்து, இந்தப் புரதத்துக்கு இரத்தக் கலத்தில் மட்டும் வேலை செய்கிற சுவிட்சை வெட்டிவிடுகிறார்கள். அணைக்கிற ஆள் குறைந்ததும் சிசு ஈமோகுளோபின் திரும்பவும் வருகிறது. 2023 நவம்பரில் பிரித்தானியா அனுமதித்தது, அடுத்து அமெரிக்கா. அங்கே விலை 22 லட்சம் டொலர். வெட்டிய கலங்களைத் திருப்பி ஏற்றுவதற்கு முன் எலும்பு மச்சையை வெறுமையாக்கக் கடுமையான மருந்தும் கொடுக்க வேண்டும். ஆகவே இதைக் காட்டி யாராவது உங்களிடம் முற்பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். இரத்தம் ஏற்றுவதையும் இரும்பு இறக்குகிற மருந்தையும் விடாதீர்கள், குருநாகலில் தலசீமியாவுக்கென்றே ஒரு மத்திய நிலையம் இருக்கிறது, வைத்தியசாலையில் கடிதம் கேளுங்கள். இன்னும் கல்யாணம் ஆகாத பிள்ளைகள், தங்கச்சி தம்பிமார் எல்லாரும் காவிகளா, அதாவது நோய் வராமல் அந்தப் பழுதைச் சுமப்பவர்களா, என்று ஒரு முறை இரத்தம் சோதித்துக்கொள்ளட்டும்.